சங்கர் சர்வதேசக் குழந்தைகள் போட்டி

கேலிச்சித்திரக்காரர் ஒருவர் சிறுவர்களுக்காகத் தொடங்கிய ஆண்டுப் போட்டி இது. ஓவியம், எழுத்து இரண்டுக்கும் பரிசு உண்டு. தில்லியிலுள்ள சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் இதை நடத்தி வந்திருக்கிறது.

தொடங்கியவர் கேரளத்தின் காயங்குளத்தில் பிறந்த கே. சங்கர் பிள்ளை (1902–1989). 1932 முதல் 1946 வரை இந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழில் அரசியல் கேலிச்சித்திரம் வரைந்தவர். 1948இல் 'சங்கர்ஸ் வீக்லி'யைத் தொடங்கினார். அபு ஆபிரகாம், ஓ. வி. விஜயன், குட்டி, யேசுதாசன் போன்றோர் அங்கே வரைந்து பெயர் பெற்றவர்கள். தமிழில் பாரதியின் 'இந்தியா' 1906லேயே கேலிச்சித்திரத்துக்கு இடம் தந்துவிட்டது. ஆனால் முழுக்க நகைச்சுவைக்கும் கேலிச்சித்திரத்துக்குமான அரசியல் வார இதழைத் தேசிய அளவில் நிலைநிறுத்தியவர் சங்கர்தான்.

1949இல் சங்கர்ஸ் வீக்லியே சிறுவர்களுக்கான போட்டியை அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதன் குழந்தைகள் சிறப்பிதழுக்குப் பிரதமர் நேரு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மதம், சாதி, நிறம், நாடு என்று பெரியவர்கள் எழுப்பும் சுவர்கள் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை என்பது அதன் சாரம். மறு ஆண்டே போட்டி பிற நாட்டுப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடப்பட்டது. பின்னாளில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து படங்கள் வந்தன. தேர்ந்தெடுத்தவை ஆண்டுதோறும் தனித் தொகுப்பாக அச்சாயின.

போட்டியின் கிளையாக முளைத்ததுதான் தில்லி பொம்மை அருங்காட்சியகம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஹங்கேரித் தூதர் போட்டிக்குப் பரிசாக ஒரு பொம்மை தந்தார். அந்நாட்டு உடையில் இருந்த அதைக் கண்ட நாளிலிருந்து சங்கருக்குப் பொம்மை சேர்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது. போகும் நாடெல்லாம் வாங்கினார். குழந்தைகளின் ஓவியங்களோடு அவற்றையும் ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்தார். 1965 நவம்பர் 30இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1957இல், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட்டை நிறுவியிருந்தார்.

நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட இரண்டே மாதங்களில், 1975 ஆகஸ்டில், சங்கர்ஸ் வீக்லி நின்றது. போட்டி நிற்கவில்லை. பெரியவர்களைக் கேலி செய்த இதழைவிடச் சிறுவர்களை நம்பிய போட்டி நீண்ட ஆயுள் கண்டது. சங்கர் செய்ததில் பெரியது இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது.

விதிகள் எளியவை. 16 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். தலைப்பு அவரவர் விருப்பம். கரும் பென்சில் மட்டும் கூடாது. வண்ணம் எதுவானாலும் சரி. படத்துக்குச் சட்டம் போடக் கூடாது. பிள்ளை தானே வரைந்தது என்று ஆசிரியரோ பெற்றோரோ சான்று தர வேண்டும்.

தலைப்பை விருப்பத்துக்கு விட்டதில்தான் இதன் அருமை. நம் பள்ளிகளில் படம் வரையச் சொன்னால் இரண்டு மலை, நடுவே சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை என்று கை தானாகப் போகும். அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டத்தில் வளரும் பிள்ளைக்கு அந்த மலை எதற்கு? சுற்றிலும் முந்திரித் தோப்பு இருக்கிறது. கொட்டை உடைத்துக் கறுத்த கைகள் இருக்கின்றன. சாலையில் சிமென்ட் லாரிகள் ஓடுகின்றன. பக்கத்திலேயே கங்கைகொண்ட சோழபுரத்தில் சுதையாலான பெரிய நந்தியும், சிங்க உருவத்தின் வழியே இறங்கும் கிணறும் உள்ளன. தபாலில் அனுப்பும் போட்டி என்பதால் தில்லிக்குப் போக வேண்டிய தேவையும் இல்லை. அறிவிப்பைப் பார்த்துப் பிள்ளைகளிடம் சொல்லும் ஓவிய ஆசிரியர் ஒருவர் பள்ளியில் இருக்க வேண்டும், அவ்வளவே.