மின்தேக்கி தின்ற மின்சாரம்

மோட்டார்கள் ஓடும் ஆலைகளில் திறன் காரணியை உயர்த்த மின்தேக்கிகளைப் பொருத்துவார்கள். மோட்டாரின் காந்தப் புலத்துக்கு வேண்டிய மின்னோட்டம் வேலை ஏதும் செய்யாமல் கம்பியில் போய் வந்துகொண்டிருக்கும். கம்பி சூடாவதுதான் கண்ட பலன். திறன் காரணி 1-லிருந்து 0.7-க்கு இறங்கினால், அதே வேலைக்குக் கம்பியில் ஏற்படும் இழப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. மோட்டாரின் அருகே மின்தேக்கி இருந்தால் அம்மின்னோட்டத்தை அதுவே தந்து வாங்கும். ஆனால் இழப்பைத் தடுக்க வந்த இக்கருவி, தான் எவ்வளவு மின்சாரத்தைத் தின்கிறது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பணிக்கு ஒரு சுழலும் இயந்திரத்தை வைத்திருந்தார்கள். ஒத்தியங்கு மோட்டாரைச் சுமையின்றி ஓடவிட்டு, அதன் காந்தச் சுருளுக்கு மிகுதியான மின்னோட்டம் தந்தால், அது மின்தேக்கியைப் போல நடந்துகொள்ளும். உராய்வு, காற்றின் தடை, சுருள்களின் சூடு எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவாருக்குப் 10 வாட்டுக்கு மேல் வீணாயிற்று.

பின்னர், எண்ணெயில் ஊறிய காகிதத்தை அலுமினியத் தகடுகளுக்கிடையே வைத்துச் சுருட்டிய மின்தேக்கிகள் பரவின. இழப்பு 2 அல்லது 3 வாட்டாக இறங்கியது. அசையும் உறுப்பே இல்லாத கருவியில் இதுவும் ஏன்? மின்னழுத்தம் திசை மாறும்போதெல்லாம் காகிதத்தின் செல்லுலோஸ் மூலக்கூறுகள் தாமும் திரும்ப முயல்கின்றன. வினாடிக்கு 50 சுற்று நடக்கும் இந்த அலைக்கழிப்பே வெப்பமாகிறது. மூடிய பெட்டிக்குள் அவ்வெப்பம் தேங்கும், எண்ணெயோ தீப்பற்றக்கூடியது.

தீப்பற்றாத மாற்றாக வந்தது பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல், சுருக்கமாகப் பி.சி.பி. அமெரிக்காவில் 1929-இல் இதன் வணிக உற்பத்தி தொடங்கியது. பெட்டி சிறியதாயிற்று, காகிதத்தின் இழப்பு மட்டும் அகலவில்லை. எளிதில் சிதையாத திரவம் என்று பொறியாளர்கள் மெச்சினார்கள். அந்தக் குணமே வினையாயிற்று. சுவீடனில் டி.டி.டி. எச்சங்களை ஆராய்ந்த சோரன் யென்சன், மீனிலும் கழுகிலும் பி.சி.பி. இருப்பதை 1966-இல் அறிவித்தார். 1968-இல் மேற்கு ஜப்பானில், தவிட்டெண்ணெய் ஆலையின் வெப்பக் குழாயிலிருந்து அது கசிந்து உணவு எண்ணெயில் கலந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். (கசிந்தது மின்தேக்கியிலிருந்து அன்று; திரவம் அதே இனம்.) அமெரிக்கா 1979-இல் உற்பத்தியைத் தடை செய்தது. பழைய கருவிகளில் எஞ்சியதை 2028-க்குள் பாதுகாப்பாக ஒழிக்க வேண்டும் என்பது 2001-ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை வகுத்த இலக்கு.

காகிதத்துக்கு விடை கொடுத்தது பாலிபுரொப்பிலீன். 1954-இல் இத்தாலியில் ஜூலியோ நாட்டா உருவாக்கிய ஒழுங்கமைப்புள்ள பாலிபுரொப்பிலீனில் மின் இருமுனைத் தன்மை இல்லையென்றே சொல்லலாம்; அதனால் அலைக்கழிப்பும் இல்லை. ஆனால் வழுவழுப்பான படலங்களுக்கிடையே திரவம் ஏறவில்லை. எனவே முதலில் விளக்குத்திரிபோல் உறிஞ்சட்டும் என்று இடையிடையே காகிதத்தையும் வைத்தார்கள். படலத்தின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கக் கற்ற பின், 1970-களில் காகிதம் முற்றிலும் வெளியேறியது, பி.சி.பி.யின் இடத்தில் வேறு திரவங்கள் வந்தன. மின்கடத்தாப் பொருளின் இழப்பு கிலோவாருக்கு ஏறக்குறைய 0.2 வாட்டாயிற்று. இடைவிடாது இயங்கும் 100 கிலோவார் தொகுதியில் 2 வாட் இழப்பு என்றால் ஆண்டுக்கு 1,752 யூனிட், 0.2 வாட் என்றால் சுமார் 175 யூனிட்.

இன்று எஞ்சும் இழப்பில் ஒரு பங்கு, மின்தேக்கியுடன் இணைத்திருக்கும் மின்தடைக்கு உரியது. இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும், தொட்டால் ஆபத்து. குறைந்த அழுத்தக் கருவிகளில் அதை 3 நிமிடத்துக்குள் 75 வோல்ட்டுக்குக் கீழே இறக்குவது இந்த மின்தடையின் வேலை. கருவி இயங்கும் நேரமெல்லாம் இது சிறிது மின்சாரத்தைத் தின்றுகொண்டுதான் இருக்கும்.