ஆஸ்துமாவின் நிழலில் மறைந்த நோய்

ஆஸ்துமா என்று ஆண்டுக்கணக்கில் மருந்துண்டும் குணங்காணாதார் சிலரின் நுரையீரலில் மறைந்திருப்பது ஒரு பூஞ்சணமாகும். இதன் இனத்திற்கு 1729ஆம் ஆண்டில் அஸ்பர்ஜில்லஸ் எனப் பெயரிட்டவர் இத்தாலியத் தாவர நூலறிஞர் மிக்கேலி. தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கும் கருவியை அதன் வடிவம் ஒத்திருந்ததே காரணம்.

1842இல் எடின்பரோ மருத்துவர் பென்னெட், நோயாளியின் நுரையீரலில் பூஞ்சணம் இருந்ததை எழுதினார். ஆயினும், நுரையீரலை அரித்துண்ணாமலே ஒவ்வாமையால் மட்டும் அது தீங்கிழைக்கும் என்னும் உண்மையை 1952இல்தான் ஹின்சன், மூன், பிளம்மர் என்னும் இங்கிலாந்து மருத்துவர் மூவர் விளக்கினர்.

ஆஸ்துமா உடையார் சிலரின் சளியில் பூஞ்சணம் தங்கி வளர்கிறது. அதனை எதிர்த்து உடல் அளவு மீறிக் கிளர்ந்தெழ, மூச்சுக்குழாய்கள் வீங்குகின்றன. பழுப்புநிறச் சளிக்கட்டிகள் வெளிவருதலும், எக்ஸ்ரே படத்தில் நிழல்கள் தோன்றி மறைதலும் இதன் குறிகள். அந்நிழல்களைச் சயரோகம் என மயங்குவாரும் உளர்.

1966இல் இஷிஸாக்கா தம்பதியர் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை அறிவித்தனர். இரத்தத்தில் அதனை அளந்தறிதல் இன்று நோயறிய உதவும் முதன்மைச் சோதனையாகும். ஸ்டீராய்டும் பூஞ்சண எதிர்ப்பு மருந்தும் நோயைத் தணிக்கும்.

காலந்தாழ்த்தினால் மூச்சுக்குழாய்கள் விரிந்து சிதையும், சிதைந்தவை மீளா. ஆதலின், தீராத இளைப்பை ஆஸ்துமா என்றே கருதி அமைதல் தகாது.