நெல் பெருகியது, நிலம் நகரவில்லை: திருவண்ணாமலை வட்டாரத்தில் வறுமை ஆய்வின் ஒரு நூற்றாண்டு

கார்த்திகைத் தீபத்தாலும் கிரிவலத்தாலும் உலகறிந்த ஊராகிவிட்ட திருவண்ணாமலையின் பெயரைத் தாங்கும் மாவட்டத்துச் சிற்றூர்கள், வறுமை எதனால் நிலைக்கிறது, எதனால் குறைகிறது என்று அறிய முனைந்த பொருளியல் அறிஞர்களால் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகத் திரும்பத் திரும்ப அளக்கப்பட்டவை என்பது அவ்வூரார்க்கே அதிகம் தெரியாத செய்தி. திருவண்ணாமலை வட்டம் 1911 வரை தென்னார்க்காட்டிலும் அதன்பின் வடஆர்க்காட்டிலும் இருந்து, 1989இல் தனி மாவட்டத்தின் தலைமையிடமாயிற்று என்பதால், அந்த ஆய்வுகளில் பலவும் வடஆர்க்காடு என்ற பழைய பெயரிலேயே நூலகங்களில் உறங்குகின்றன. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத, ஏரியையும் கிணற்றையும் நம்பிய நிலம் இது. ஒரு பருவமழை பொய்த்தாலும் சோற்றுக்கு முடை வரும்.

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் கல்வெட்டுகளில் விளக்கெரிக்கவும் திருவமுது படைக்கவும் அடியார்க்கு உணவிடவும் அளிக்கப்பட்ட கொடைகள் நூற்றாண்டுகள் தோறும் பதிவாகியுள்ளன. கோயிலுக்கு விடப்பட்ட நிலம் தேவதானம் எனப்பட்டது. பயிரிடும் குடிகளை அப்புறப்படுத்தாமல் கொடுப்பதைக் குடிநீங்காத் தேவதானம் என்றும், அவர்களை விலக்கிக் கொடுப்பதைக் குடிநீக்கிய தேவதானம் என்றும் தமிழகக் கல்வெட்டுகள் பிரித்துக் கூறுகின்றன. இந்தப் பாகுபாடே குடியின் உரிமை ஒரு பொருட்டாக எண்ணப்பட்டதைக் காட்டுகிறது. ஆயினும் அந்தக் குடிக்கும் கீழே, கடனாலும் பிறப்பாலும் ஒரு பண்ணையோடு கட்டுண்டு, படியளக்கும் தானியத்துக்காக உழைத்த படியாளுக்கு எந்தக் கொடையிலும் பங்கில்லை. மடமும் சத்திரமும் வழிப்போக்கனின் ஒருவேளைப் பசியைத் தணித்தன. பசியோடு பிறந்தவனின் நிலையை மாற்றுவது அவற்றின் நோக்கமாக இருந்ததில்லை.

இந்த அறத்தின் எல்லையை 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பஞ்சம் அம்பலப்படுத்தியது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று, பஞ்ச நிலையைக் கவனிக்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கூலியை, மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் உடலியல் காரணம் காட்டி எதிர்த்தார். ஓர் ஏழை உயிர்வாழ எவ்வளவு தேவை என்பதை எண்ணால் வரையறுக்க முயன்ற இந்த வழக்கு, பிற்காலத்து வறுமைக்கோட்டுக்கு முன்னோடி என்றே கொள்ளத்தக்கது. அப்பஞ்சத்தின் விளைவாகப் பஞ்ச விதித்தொகுப்பு 1883இல் உருவாயிற்று. ஆனால் அது பஞ்சகாலத்தைப் பற்றி மட்டுமே பேசியது, பஞ்சமில்லாத ஆண்டுகளின் பட்டினியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அன்றாட வறுமையை ஊருக்குள் சென்று பார்க்கும் முயற்சி சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டரிடம் தொடங்கியது. மாணவர்களைக் கொண்டு அவர் நடத்திய ஊராய்வுகள் 1918இல் நூலாயின. அவற்றுள் ஒன்று இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் வடகோடியில், மாமண்டூர் ஏரியை அடுத்துள்ள தூசி. அவ்வூர்களைப் பி. ஜே. தாமசு 1930களில் மறுபடி ஆராய்ந்தார், 1980களில் எஸ். குகனும் பரதனும் தூசிக்கு மீண்டும் சென்றனர். மூன்று தலைமுறைகளை ஒரே ஊரில் ஒப்பிட இடமளிக்கும் சான்று இந்தியாவில் அரிது.

அடுத்து வந்த ஆய்வே உலகின் கவனத்தை ஈர்த்தது. பிலிப்பைன்சில் உருவாகி 1966இல் வெளிவந்த ஐ.ஆர். 8 நெல்லும் அதைத் தொடர்ந்த குட்டை ரகங்களும், உரமும் பாசன நீரும் கிடைத்தால் பழைய ரகங்களைவிட மிகுந்த விளைச்சல் தந்தன. இம்மாற்றமே பசுமைப் புரட்சி எனப்பட்டது. அது ஏழைக்கு என்ன தந்தது என்று காண, கேம்பிரிட்ஜின் புவியியலாளர் பி. எச். ஃபார்மர் தலைமையில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் குழு 1973-74இல் வடஆர்க்காட்டின் ஊர்களிலும் இலங்கையின் அம்பாந்தோட்டையிலும் கணக்கெடுத்தது. ராபர்ட் சேம்பர்ஸ், ஜான் ஹாரிஸ், பார்பரா ஹாரிஸ் முதலியோர் அக்குழுவில் இருந்தனர். செய்யாறு வட்டத்து ராந்தம் என்ற சிற்றூரில் தங்கி ஆய்ந்த ஜான் ஹாரிஸ் அதைத் தனி நூலாகவும் எழுதினார். குழுவின் முடிவுகள் 1977இல் வெளியானபோது, ‘பசுமைப் புரட்சி’ என்ற தலைப்புக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி இருந்தது. நீரும் கடனும் கைக்கெட்டியவர்களுக்கே புதிய நெல் எளிதில் வசப்பட்டது. அரசு அறிக்கைகள் சொன்ன வேகத்தில் அது பரவவும் இல்லை.

பத்தாண்டு கழித்து அதே ஊர்களுக்குப் பீட்டர் ஹேசலும் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் சி. இராமசாமியும் சென்றபோது படம் மாறியிருந்தது. இடையில் 1982-83இன் கடும் வறட்சி குறுக்கிட்டிருந்தும், சிறு விவசாயிகளிடமும் புதிய ரகங்கள் பரவியிருந்தன; நிலமற்றோரின் நுகர்வும் உயர்ந்திருந்தது. வேளாண்மையில் கூடுதலாகப் பிறந்த ஒவ்வொரு ரூபாயும் ஊர்ப்புறத்தின் பிற தொழில்களில் மேலும் 87 காசு மதிப்பை உண்டாக்கியது என்பது 1991இல் வெளியான அவர்களது நூலின் புகழ்பெற்ற கணக்கு. ஒரு துறையின் வளர்ச்சி மற்றத் துறைகளில் இவ்வாறு பெருகுவதைப் பொருளியலார் பெருக்க விளைவு என்பர். உலக மேடைகளில் இந்த எண் பலமுறை மேற்கோளாயிற்று. ஃபார்மர் குழுவின் கேள்விக்குறி அந்த அளவுக்கு நினைவில் நிற்கவில்லை.

உண்மையில் இரு குழுக்களும் இரு வேறு பொருள்களை அளந்தன எனலாம். உண்பதும் உடுப்பதும் எவ்வளவு என்பது நுகர்வு. நிலம், கிணறு, ஆலை, கைமுதல் யாருடையவை என்பது சொத்து. முன்னது உயரும்போதே பின்னது குவியக்கூடும் என்பதற்கு ஆரணியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பதரிது. அரிசி ஆலைக்கும் பட்டு நெசவுக்கும் பெயர்பெற்ற அந்நகரத்தின் வணிகத்தை 1973 தொடங்கி நாற்பதாண்டுகள் தொடர்ந்து கவனித்தவர் ஃபார்மர் குழுவிலிருந்த அதே பார்பரா ஹாரிஸ்; பின்னாளில் ஹாரிஸ்-ஒயிட் எனப்பட்ட அவர், வயலில் பெருகிய செல்வம் ஆலைக்கும் மண்டிக்கும் வட்டிக்கடைக்கும் சென்று, சாதி உறவாலும் குடும்பத்தாலும் கட்டப்பட்ட சில கைகளில் சேர்ந்ததையும், அங்கே உழைப்போர்க்குச் சட்டத்தின் பாதுகாப்பு எட்டாததையும் பதிவு செய்தார்.

நீரிலும் இதுவே நடந்தது. கவலை ஏற்றத்தின் இடத்தை மின்மோட்டார் பிடித்தபின் நிலத்தடி நீர் கீழே போயிற்று. மேலும் தோண்டப் பணமுள்ளவன் தோண்டினான், இல்லாதவன் பக்கத்துக் கிணற்றுக்காரனிடம் விளைச்சலில் பங்கு கொடுத்து நீர் வாங்கினான். உழவர்க்குக் கட்டணமில்லா மின்சாரம் தந்த அரசு, கிணறில்லாதவனுக்கு எதுவும் தரவில்லை என்பது கசப்பான உண்மை. நிலத்தைப் பகிரவென வந்த நிலவுச்சவரம்புச் சட்டம் 1961இல் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பிட்டு, 1970இல் அதை 15 ஆக்கியது. தர ஏக்கர் என்பது மண்வளத்தைக் கணக்கில் கொண்ட அளவு. விலக்குகளும் பெயர் மாற்றங்களும் புகுந்த அச்சட்டம் படியாளின் பேரனை உழவனாக்கும் வலிமை கொண்டதாக இல்லை.

எனினும் பட்டினி பின்வாங்கியது. அதற்கு நெல்லுக்கு இணையான பங்கு சத்துணவுக்கும் நியாயவிலைக் கடைக்கும் உண்டு. 1982இல் சத்துணவுத் திட்டம் விரிந்தது. 1997இல் நடுவணரசு பொது விநியோகத்தை ஏழைகளுக்கென்று சுருக்கியபோது, தமிழ்நாடு அதை அனைவர்க்குமாகவே வைத்துக்கொண்டது. நூறு நாள் வேலைத் திட்டம் 2006இல் முதற்கட்டமாகத் தொடங்கிய மாவட்டங்களுள் திருவண்ணாமலையும் ஒன்று. களையெடுக்கும் பெண்கள் கூலி பேசும் துணிவு அதன்பின் கூடியது. வறுமைக்கோட்டை வரையறுத்த டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12இல் தமிழ்நாட்டில் வறியோர் 11.28 விழுக்காடு, கல்வி, உடல்நலம், வாழ்க்கைத்தரம் ஆகியவற்றைச் சேர்த்தளக்கும் பல்பரிமாண வறுமை 2019-21இல் 2.20 விழுக்காடு. அதே காலத்தில் உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் மதிப்பீட்டின்படி 2022-23இல் இந்தியாவின் செல்வத்தில் 40.1 விழுக்காடு உச்சியிலுள்ள ஒரு விழுக்காட்டினரிடம் இருந்தது.

வறுமை ஒழிப்பைக் கொடையின் நீட்சியாகக் கருதும் பழக்கம் கோயில் சத்திரத்தோடு முடிந்துவிடவில்லை என்பதை இந்த இரு வரிசை எண்களும் ஒருங்கே உணர்த்துகின்றன. நுகர்வைக் கூட்டுவதும் சொத்தைக் காப்பதும் வெவ்வேறு என்பதை இம்மாவட்டம் அண்மையிலும் கண்டது. செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையின் காலணி ஆலை ஆயிரக்கணக்கான ஊர்ப்புறப் பெண்களுக்கு மாதச் சம்பளம் தந்தது. அதே பேட்டையை விரிவாக்க மேல்மா முதலிய ஊர்களில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்க முயன்றபோது உழவர்கள் எதிர்த்தனர். 2023 நவம்பரில் அப்போராட்டக்காரர் எழுவர் மீது குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. கண்டனம் எழுந்தபின் அறுவர் மீதான ஆணையை அரசு திரும்பப் பெற்றது.