படம் பிடி

சிம்பாங் ரெங்கத்தில் நாம் ‘படம் பிடிக்கிறோம்’. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் ‘தங்காப் கம்பார்’ என்கிறார். தங்காப் என்றாலும் பிடி என்றே பொருள். திருடனைப் பிடிப்பதற்கும் அதே சொல்தான். நாம் பிலிமைக் கழுவினால் அவர்களும் ‘சூச்சி கம்பார்’ என்று படத்தைக் கழுவுகிறார்கள். சிம்பாங் என்பதே சந்தி. ரெங்கத்துக்குச் சாலை பிரியும் இடம். இந்தச் சொற்களும் அப்படியொரு சந்தியில் நிற்கின்றன.

படம் முதலில் துணி. துணிமேல் தீட்டிய ஓவியத்துக்கும் அப்பெயர் வந்தது. அந்நாளில் படத்தை எழுதினார்கள், வரைந்தார்கள், பிடித்ததில்லை. கை எழுதாமலே உருவம் விழும் கருவி வந்தபின்தான் ‘பிடி’க்கு வேலை வந்தது. தமிழ் கற்ற, தமிழ் வழி வந்த மலாக்கா முன்ஷி அப்துல்லா, சிங்கப்பூர் நகரம் ஓர் உலோகத் தகட்டில் பதிந்ததைக் கண்டு வியந்து, 1849-இல் அச்சான தம் ‘ஹிக்காயாத் அப்துல்லா’வில் எழுதிவைத்தார். அந்தத் தகட்டை அயோடின் ஆவியில் பக்குவப்படுத்தி, பாதரச ஆவியில் காட்டித்தான் உருவத்தை வெளிக்கொணர்வார்கள். அதை எண்ணும்போது ‘புகைப்படம்’ என்ற சொல்லைப் பிழையென்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை. ஒளிப்படம் என்பது 1839-இல் ஜான் ஹெர்ஷல் ஆங்கிலத்தில் பரப்பிய பெயருக்கு நேரானது. நிழற்படமும் அழகுதான். ஆனால் மூன்றும் பெயர்கள். செயலைச் சொல்வது ‘பிடி’.

‘எடு’வும் உண்டு. 1948-இல் மலாயாவின் அவசரகாலப் பதிவின்போது 12 வயது நிரம்பியவர்கள் எல்லோரும் படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாள அட்டை பெற வேண்டியிருந்தது. அந்த அட்டைக்கு அசையாமல் உட்கார்ந்தவரைப் படம் ‘எடுத்தார்கள்’ என்பதுதான் என் காதுக்குச் சரியாகப் படுகிறது. ஓடுவதைத்தான் பிடிக்க வேண்டும்.

அமெரிக்கப் பேஸ்பால் படங்களில் இந்த வேறுபாடு கண்கூடு. 1880-களின் இறுதியில் சிகரெட் பெட்டிகளில் வந்த ‘ஓல்டு ஜட்ஜ்’ அட்டைகளுக்காக ஆட்டக்காரர்களை ஸ்டூடியோவில் நிறுத்தினார்கள். பாய்ந்து வரும் பந்தைப் பதிய அன்றைய முறையால் இயலாது. ஆகவே பந்தை நூலில் தொங்கவிட்டு, அதைப் பிடிப்பதுபோல் கையை நீட்டச் சொன்னார்கள். சில அட்டைகளில் நூலே தெரிகிறது. அவை எடுத்த படங்கள்.

பிடித்தவர் சார்லஸ் கான்லன். நியூயார்க் நாளிதழொன்றில் மெய்ப்புத் திருத்தியவர். 1904 முதல் மைதானத்துக்குக் கண்ணாடித் தகடுகளோடு போனார். 1910-ஐ ஒட்டி, ஆட்டக்காரர் டை காப் புழுதி பறக்க மூன்றாம் பேஸை நோக்கிச் சறுக்கினார். அங்கே காவல் நின்ற ஜிம்மி ஆஸ்டின் கான்லனின் நண்பர். அவருக்கு அடிபட்டதோ என்ற பதற்றத்தில் கான்லனுக்குத் தாம் கேமராவை இயக்கினோமா என்பதே நினைவில்லை. எதற்கும் இருக்கட்டுமென்று தகட்டை மாற்றிக்கொண்டார். கழுவியபோதுதான் கை பிடித்துவிட்டிருந்தது தெரிந்தது.