ஒலிப்பதிவுக்கான அமைதிக் கணினி

மைக் வைத்திருக்கும் அதே அறையில் இயங்கியும், பதிவில் தன் ஒலி தலைகாட்டாத அளவுக்கு இரைச்சலும் அதிர்வும் குறைத்துக் கட்டப்படும் கணினியை அமைதிக் கணினி என்கிறோம். பெரிய ஒலிக்கூடங்களில் கணினிக்கென்றே தனி அறை உண்டு. பாடகர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நிற்பார். விசிறி எவ்வளவு இரைந்தாலும் அவருடைய மைக்குக்கு எட்டாது. வீட்டில் பதிவு செய்பவருக்குப் பெரும்பாலும் ஒரே அறைதான். பாடுவது, வாசிப்பது, மிக்ஸ் செய்வது எல்லாம் அங்கேயே நடக்கும். கணினியும் மைக்கும் ஓரிரு மீட்டர் இடைவெளியில் இருக்கும் இந்த நெருக்கத்தில்தான் அமைதிக் கணினியின் தேவை பிறக்கிறது.

மைக்குக்குக் கேட்பது

இரவில் ஜன்னலைச் சாத்தி, சீலிங் ஃபேனையும் நிறுத்திய ஓர் அறையின் பின்னணி ஒலி ஏறத்தாழ 25 முதல் 30 டெசிபெல் இருக்கும். நல்ல கண்டென்சர் மைக்கின் உள்ளிரைச்சல் இதைவிடக் குறைவு. நியூமன் யூ87 ஏஐ மைக்குக்கு 12 டெசிபெல். ரோடு என்டி1 மைக்குக்கு ஏறத்தாழ 4.5 டெசிபெல். ஆகவே வீட்டுப் பதிவின் இரைச்சல் பெரும்பாலும் அறையிலிருந்தே வருகிறது. அந்த அறையில் இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருப்பது கணினி.

காதுக்கு இது உறுத்துவதில்லை. மாறாமல் ஒலிப்பதை மூளை சற்று நேரத்தில் ஒதுக்கிவிடும். மைக்குக்கு அந்த வசதி கிடையாது. பதிவுக்குப் பின் நடக்கும் வேலைகளோ இரைச்சலை மேலும் தூக்கிவிடுகின்றன. கம்ப்ரசர் போட்டு அடங்கிய பகுதிகளை 10 டெசிபெல் உயர்த்தினால், அவற்றின் அடியில் கிடக்கும் விசிறி ஒலியும் 10 டெசிபெல் உயரும். ஒரே அறையில் ஒரே மைக்கால் 16 தடங்களைத் தனித்தனியே பதிந்து அடுக்கும்போது இரைச்சல் ஏறத்தாழ 12 டெசிபெல் கூடுகிறது. ஒற்றைக் குரலில் தெரியாத விசிறி, கோரஸ் அடுக்கியதும் தெளிவாகக் கேட்பது இதனால்தான்.

பின்னணி

1985இல் வந்த அட்டாரி எஸ்டி கணினியில் மிடி இணைப்புகள் உடன்பிறந்தவை, விசிறி கிடையாது. ஹம்பர்க் நகரின் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1989இல் கியூபேஸ் மென்பொருளை இந்தக் கணினிக்காகத்தான் முதலில் வெளியிட்டது. அன்று கணினியின் வேலை சின்தசைசர்களுக்குக் கட்டளை அனுப்புவது மட்டும். குரலும் வாத்தியமும் டேப்பில் பதிவாயின. 1996இல் அதே நிறுவனம், ஒலி விளைவுகளை மென்பொருளாகவே இயக்கும் விஎஸ்டி முறையைக் கொண்டுவந்தபின், எதிரொலியும் கம்ப்ரசரும் ஈக்வலைசரும் பிராசசரின் சுமையாயின. பின்னர் வாத்தியங்களே மென்பொருளாகக் கணினிக்குள் வந்தன. சுமை ஏற ஏற வெப்பம் ஏறியது. வெப்பத்தோடு விசிறியின் வேகமும் ஏறியது.

திறனுக்கும் அமைதிக்கும் இடையிலான இந்த இழுபறியை ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகளில் தெளிவாகப் பார்க்கலாம். 2000இல் வந்த பவர் மேக் ஜி4 கியூப், சூடான காற்று தானே மேலெழுந்து வெளியேறும்படி விசிறியின்றி அமைக்கப்பட்டது. 2002இல் வந்த பவர் மேக் ஜி4 மாதிரியோ, இரைச்சலால் ‘காற்றுச் சுரங்கம்’ என்ற பட்டப்பெயர் வாங்கியது. மறு ஆண்டு வந்த ஜி5 ஒன்பது விசிறிகளோடு முன்னதைவிட அமைதியாக ஓடியது. உட்புறத்தை நான்கு வெப்பப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் விசிறியையும் தேவைக்கேற்ற குறைந்த வேகத்தில் சுழலவிட்டதே அதன் உத்தி. விசிறிகளின் எண்ணிக்கையைவிட வேகமே இரைச்சலை முடிவு செய்கிறது என்பதை அந்த மாதிரி பலருக்கும் புரியவைத்தது.

வெப்பத்தைக் குறைத்தல்

அமைதிக் கணினி கட்ட விரும்புவோர் பலர் முதலில் தேடுவது கேபினட்டுக்குள் ஒட்டும் ஸ்பாஞ்சு. வரிசை அங்கே தவறுகிறது. ஸ்பாஞ்சு உயர் அதிர்வெண்களைத்தான் ஓரளவு உறிஞ்சும். தாழ்ந்த உறுமல் அதைக் கடந்து வந்துவிடும். காற்றோட்டம் தடைபட்டால் உட்புறம் இன்னும் சூடாகி, விசிறி இன்னும் வேகமாகச் சுழலும். இரைச்சலின் வேர் வெப்பம். உண்டாகாத வெப்பத்தை வெளியேற்ற வேண்டியதில்லை என்பதால், வேலையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இசைப் பதிவுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் போதும். இந்த ஒரு முடிவால் கேபினட்டின் மிகச் சூடான பாகமும் அதன் சிறு விசிறிகளும் விலகிவிடும். பிராசசரில் 65 வாட் அல்லது 35 வாட் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது: தானியங்கி வேக உயர்வு நடக்கும்போது 65 வாட் பிராசசரும் சற்று நேரத்துக்கு அதைவிட அதிக மின்சாரம் இழுக்கும். விண்டோஸின் மின்சார அமைப்பில் பிராசசரின் உச்ச நிலையை 99 சதவீதமாக வைத்தால் பெரும்பாலான கணினிகளில் இந்த வேக உயர்வு நின்றுவிடும். குரல் பதியும் நேரத்துக்கு மட்டும் இப்படி வைத்துவிட்டு, மிக்ஸ் செய்யும்போது பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

பதிவு மென்பொருளிலும் சுமையைக் குறைக்க வழி உண்டு. பாடும்போது குரல் ஹெட்ஃபோனில் தாமதமின்றித் திரும்ப வேண்டும்; அதற்கு, ஒலியை இடையில் சற்றே தேக்கிவைக்கும் பஃபரைக் குறைக்கிறோம். 48 கிலோஹெர்ட்ஸில் 64 மாதிரிகள் என்றால் 1.3 மில்லிவினாடி, 1024 மாதிரிகள் என்றால் 21 மில்லிவினாடி. பஃபர் குறையக் குறைய பிராசசரின் உழைப்பு கூடும், விசிறி எழும். அதுவும் சரியாகப் பாட்டு பதியும் வேளையில். மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் நேரடி மானிட்டர் வசதியைப் பயன்படுத்தினால் குரல் கணினிக்குள் போகாமலேயே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும், பஃபரைப் பெரிதாகவே வைத்துக்கொள்ளலாம். முடிந்துபோன மென்பொருள் வாத்தியத் தடங்களை ‘ஃப்ரீஸ்’ செய்து, அதாவது ஒலியாக மாற்றி, வைப்பதும் நல்ல பயன் தரும்.

விசிறி

விசிறியின் ஒலி அதன் வேகத்தின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி 15 டெசிபெல் வரை குறையும். காற்றின் அளவோ பாதிதான் குறையும். அமைதிக் கணினியின் கணக்கு முழுவதும் இந்தச் சமமின்மையில் அடங்கியிருக்கிறது. 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறி மெதுவாகச் சுழன்றே, 80 மில்லிமீட்டர் விசிறி வேகமாகச் சுழன்று தள்ளும் காற்றைத் தள்ளிவிடும். பிராசசரோடு வரும், வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்தும் சிறிய ஹீட் சிங்கை மாற்றி, அகலமான தகடுகள் கொண்ட பெரிய ஹீட் சிங்க் பொருத்தினால், நிமிடத்துக்கு 500 அல்லது 600 சுற்று வேகமே போதுமானதாகிவிடும். ஆஸ்திரியாவின் நாக்டுவா, ஜெர்மனியின் பீ கொயட் ஆகியவை இத்துறையில் பெயர் பெற்றவை.

விசிறி எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பதைப் போலவே எந்தச் சுரத்தில் ஒலிக்கிறது என்பதும் முக்கியம். ஏழு இதழ்கள் கொண்ட விசிறி நிமிடத்துக்கு 1500 முறை சுழன்றால் வினாடிக்கு 175 முறை இதழ்கள் காற்றை வெட்டும். இது நான்கு கட்டை ஷட்ஜத்துக்கு, அதாவது 174.6 ஹெர்ட்ஸுக்கு, மிக அருகில் இருக்கிறது. ஐந்து கட்டையில் பாடும் ஒருவரின் பதிவுக்கு அடியில் இப்படி ஒரு சுரம் நின்றால், அது சுருதியோடு சேராமல் உறுத்தும். இரண்டு விசிறிகள் சற்றே மாறுபட்ட வேகத்தில் ஓடினால் இயற்பியல் பாடத்தில் படித்த விம்மல்கள் எழும்; ஒலி ஏறி இறங்கி அலைபாயும். ஒரே சீராக வரும் இரைச்சலை மென்பொருளால் பெருமளவு நீக்கிவிட முடியும். ஏறி இறங்குவதை நீக்கப் போனால் குரலும் சேர்ந்து கெடும்.

அதனால் பயாஸில் விசிறி வேகத்தை வெப்பநிலையோடு உடனுக்குடன் துள்ளவிடக் கூடாது. நான்கு பின் இணைப்புள்ள விசிறிகளைப் பயன்படுத்தி, ஏறக்குறைய 60 டிகிரி வரை ஒரே தாழ்ந்த வேகத்தில் நிறுத்தி, அதற்குமேல் சில வினாடிகள் தாமதித்து மெல்ல உயரும்படி அமைப்பது நல்லது. விசிறியை இரும்புத் திருகுக்குப் பதில் ரப்பர் முளையால் மாட்டினால் அதன் அதிர்வு தகட்டுக்குப் பரவாது.

மின்வழங்கியும் வட்டும்

கடைகளில் எஸ்எம்பிஎஸ் என்று கேட்டு வாங்கும் மின்வழங்கியிலும் ஒரு விசிறி ஒளிந்திருக்கிறது. கணினி 150 வாட் எடுக்கிறது என்று கொள்வோம். 85 சதவீதத் திறனுள்ள மின்வழங்கி 26 வாட்டை வெப்பமாக வீணாக்கும். 90 சதவீதத் திறனுள்ளது 17 வாட்டோடு நிறுத்திக்கொள்ளும். 80 பிளஸ் கோல்ட் தரத்தில், குறைந்த சுமையில் விசிறியை முழுக்க நிறுத்திவிடும் மாதிரிகள் கிடைக்கின்றன. தேவையைப் போல இரண்டு மடங்கு திறனுள்ளதை வாங்கினால், அது பெரும்பாலும் விசிறி நின்ற நிலையிலேயே ஓடும்.

நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் 120 ஹெர்ட்ஸில் அதிரும். மேசையும் அதோடு சேர்ந்து முனகும். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. பழைய பதிவுகளைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க்கை வேறு அறையில் வைத்துக்கொள்ளலாம்.

விசிறியே இல்லாமல்

கேபினட்டின் உலோகச் சுவரையே ஹீட் சிங்காக்கிய பெட்டிகளும், நாக்டுவா 2021இல் வெளியிட்ட என்எச்-பி1 போன்ற விசிறியில்லா ஹீட் சிங்குகளும் உண்டு. 2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக் ஏர் விசிறியின்றியே பல தடங்களைக் கையாள்கிறது; நீண்ட நேரச் சுமையில் மட்டும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இந்த வழி குளிர் நாடுகளில் எளிது. விசிறியில்லாத ஹீட் சிங்க் வெளியேற்றும் வெப்பம், அதற்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. சென்னையிலோ மதுரையிலோ பதிவுக்காக ஏசியையும் சீலிங் ஃபேனையும் நிறுத்தினால் அறை 35 டிகிரியை எளிதில் எட்டும். 22 டிகிரி அறைக்குக் கணக்கிட்ட ஹீட் சிங்க் அங்கே திணறும். விசிறி அறவே இல்லாத கணினியைவிட, பெரிய ஹீட் சிங்கும் 500 சுற்றில் ஓடும் ஒரே ஒரு 140 மில்லிமீட்டர் விசிறியும் கொண்ட கணினியே நம் கோடைக்குப் பாதுகாப்பானது. மூடிய அலமாரிக்குள் கணினியை வைப்பதும் இதே காரணத்தால் தவறு.

இடம்

பணமே செலவழியாத தீர்வு தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஒலி 6 டெசிபெல் குறையும். அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் இந்தப் பயன் சற்றுக் குறைவு. மைக்கை வாயிலிருந்து 30 சென்டிமீட்டரில் வைக்காமல் 15இல் வைத்தால் குரல் 6 டெசிபெல் கூடும், விசிறி ஒலி இருந்தபடியே இருக்கும். கார்டியாய்டு மைக் தன் நேர்ப் பின்புறத்தில்தான் மிகக் குறைவாகக் கேட்கும். அந்தப் பக்கம் கணினி இருக்கும்படி நின்று பாட வேண்டும். கூடுமானால் கணினியை அடுத்த அறைக்கு மாற்றலாம். அப்போது இன்டர்ஃபேஸை இணைக்கும் யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர் எல்லை. எக்ஸ்எல்ஆர் மைக் கேபிளோ பல பத்து மீட்டர் தாங்கும் என்பதால் அதை நீட்டுவதே எளிது.

காற்றில் வராத இரைச்சல்

எல்லா இரைச்சலும் விசிறியிலிருந்து வருவதில்லை. மைக்கைக் கழற்றியபின்னும் தடத்தில் ரீங்காரம் கேட்டால் அது மின்வழி வருவது. 50 ஹெர்ட்ஸ் உறுமல் என்றால் எர்த் இணைப்பில் கோளாறு இருக்கலாம், அல்லது கணினியும் ஸ்பீக்கரும் வேறு வேறு பிளக்குகளில் இருப்பதால் எர்த் வழியே சுற்றுப்பாதை உண்டாகியிருக்கலாம். எல்லாவற்றையும் சரியான எர்த் உள்ள ஒரே மூன்று பின் இணைப்பிலிருந்து எடுத்து, பேலன்ஸ்டு கேபிள் போட்டால் பெரும்பாலும் அடங்கும். எர்த் பின்னை வெட்டி எறிவது உயிருக்கு ஆபத்து. ஒருபோதும் செய்யக் கூடாது. மதர்போர்டின் சுருள்கள் அதிர்ந்து எழுப்பும் மெல்லிய கீச்சொலி வேறு வகை. அது காற்றில்தான் வரும். மவுஸை அசைக்கும்போது மாறுவதை வைத்து அடையாளம் காணலாம்.

கணினியின் இரைச்சலைச் சோதித்துப் பார்ப்பதும் எளிது. பாடும் இடத்தில் தனி ரெக்கார்டர் ஒன்றை வைத்து, கணினி ஓடும்போது அரை நிமிடம் வெறும் அறையைப் பதியுங்கள். பிறகு கணினியை அணைத்துவிட்டு, அதே ரெக்கார்டரால் மீண்டும் பதிந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். ஸ்பெக்ட்ரம் படத்தில் ஊசிபோல் எழும் அதிர்வெண்கள் எந்த விசிறியைச் சேர்ந்தவை என்பதை இதழ்களின் எண்ணிக்கையும் வேகமும் சொல்லிவிடும். கட்டியபின் பராமரிப்பும் தேவை. சாலையோர வீடுகளில் ஹீட் சிங்கின் தகடுகளுக்கிடையே தூசி சீக்கிரம் படிந்து, கட்டியபோது 600 சுற்றில் நின்ற விசிறி 1000 சுற்றைத் தாண்டத் தொடங்கும். காற்றுத் துளைகளில் கழற்றிக் கழுவக்கூடிய வலை போட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை தகடுகளை ஊதித் துடைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் பழைய வேகம் திரும்பிவிடும்.