தோளில் வந்த சோறு

பினாங்கில் எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்பவர் நாசி கண்டார் என்ற குழம்புச் சோற்றைக் கைவிட வேண்டும் என்பது அந்த உணவின் வரலாற்றை அறியாத பேச்சு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவுதடியின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பையும் சுமந்து ஜார்ஜ் டவுன் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். உண்டவர் மூட்டை தூக்கியே அதைச் செரித்தார். ஒரு தோள் எத்தனை கறியைத் தாங்கும்? 1907இல் தொடங்கிய ஹமீதியா போன்ற கடைகள் நிலைத்த பிறகுதான் கோழி, மீன், கணவாய் எல்லாம் ஒரே தட்டில் குவிய வழி விரிந்தது. பல குழம்புகளை வெள்ளமாய் ஊற்றும் ‘பஞ்சிர்’ இன்று பெருமையாகவே கேட்கப்படுகிறது. மூட்டைச் சுமை குறைந்தது, தட்டின் சுமை ஏறியது.

சோற்றை மட்டும் குற்றம் சொல்லலாமா என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். எடை கூடியதில் இனிப்பான தே தாரேக் தேநீருக்கும், நடையைக் குறைத்த மோட்டார் சைக்கிளுக்கும் பங்கு உண்டு. 2019 தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் சிகிச்சை வயிற்றைச் சுருக்கும், பழக்கத்தைச் சுருக்காது. அதனால்தான் முதலில் புரதம், கடைசியில் சோறு, சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது என்ற ஒழுங்கை முன்கூட்டியே பழக மருத்துவர்கள் சொல்கிறார்கள். பாரம்பரியத்தை மாற்றலாமா என்பவர்களுக்கு ஒன்று: உண்பவரின் உழைப்புக்கேற்ப அமைந்த உணவு இது. ஒரு துண்டு மீன், வெண்டைக்காய், இரண்டு கரண்டி சோறு, ஓரமாய்க் கொஞ்சம் குழம்பு என்றாலும் அது நாசி கண்டார்தான்.