பொடி எழுத்துப் பக்கம்

1789-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் முதல் காங்கிரஸ், தான் இயற்றும் சட்டங்கள் குறைந்தது மூன்று பத்திரிகைகளிலாவது வெளிவர வேண்டும் என்று விதித்தது. ஜனங்கள் சட்டத்தைத் தேடி அலையக் கூடாது. சட்டந்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும். பிற்பாடு ஸ்தல ஸ்தாபனங்களின் அறிவிப்புகளும் அதே வழியில் வந்தன. வரி, ஏலம், மனைப் பிரிவு எல்லாம் பின்பக்கத்துப் பொடி எழுத்தில்! அதை ஆசையோடு படித்தவர் யார்? யாரும் இல்லை. ஆனால், பேஸ்பால் ஆட்டத்தின் முடிவைத் தேடிப் பக்கம் புரட்டியவர் கண்ணில் தம் தெருவின் பெயர் தட்டுப்பட்டுவிடும்.

ப்ளோரிடா ராஜ்யம் 2022-ல் ஒரு சட்டம் செய்தது. 2023 ஜனவரி முதல், செலவு குறையுமானால், கவுண்டி எனப்படும் ஜில்லாவின் இணையதளத்திலேயே அறிவிப்பைப் போட்டுவிடலாம். பத்திரிகைக்காரர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் வருமானத்துக்கும் அதில் பங்குண்டு, மறைப்பானேன்? ஆனாலும், இணையதளத்தில் தம் தெருவைப் பற்றித் தேட வேண்டுமென்று ஒருவருக்கு எப்படித் தோன்றும்?

சட்டம் செய்தவர்களுக்கும் இந்தச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். 1,60,000-க்குக் குறைந்த ஜனத்தொகையுள்ள ஜில்லாக்களில், இணைய வசதி போதுமா என்று முதலில் பொதுக்கூட்டம் வைத்துத் தீர்மானிக்கச் சொன்னார்கள். பெயரைப் பதிந்துகொண்டால் அறிவிப்பு தபாலிலோ மின்னஞ்சலிலோ வரும் என்ற சலுகையும் உண்டு. அந்தச் சலுகையை வருஷம் ஒரு முறை விளம்பரம் செய்தாக வேண்டும். எங்கே என்கிறீர்கள்? பத்திரிகையில், இல்லாவிட்டால் ஊரார் எல்லோருக்கும் அனுப்பப்படும் வேறொரு வெளியீட்டில்!